காணாமற்போன பத்து நாட்கள்: ஐரோப்பா 170 ஆண்டுகள் இரண்டு தேதிகளில் வாழ்ந்த கதை

கலிலியோ இறந்த ஆண்டில்தான் நியூட்டன் பிறந்தார் என்று வினாடி வினாவில் கேட்டிருப்பீர்கள். கலிலியோ இறந்தது 1642 ஜனவரி 8. நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25. எண்களைப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் தேதியை எழுதியது இத்தாலி, இரண்டாவதை எழுதியது இங்கிலாந்து. நியூட்டன் பிறந்த அதே நாளில் இத்தாலியில் 1643 ஜனவரி 4 ஆகிவிட்டது. இரண்டையும் ஒரே நாட்காட்டியில் வைத்தால் ஆண்டு ஒத்துவராது.

1582 முதல் 1752 வரை மேற்கு ஐரோப்பாவில் பழைய ஜூலியன், இன்று நாம் பயன்படுத்தும் புதிய கிரிகோரியன் என்று இரண்டு நாட்காட்டிகள் புழங்கின. முதலில் பத்து நாள், பிறகு பதினொரு நாள் வித்தியாசம். பழைய நாட்காட்டியில் பிழை இருந்தது என்பதைக் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் இரு தரப்பு அறிஞர்களும் அறிந்திருந்தார்கள். அதைத் திருத்தச் சொல்லும் உரிமை யாருக்கு என்பதில்தான் சண்டை. மதப் பிளவு, புதிய வானியல், அரசின் அதிகாரம் பற்றிய புதிய எண்ணம் என்று அந்தக் காலத்தைப் பற்றித் தனித்தனிப் பாடங்களாகப் படிக்கும் மூன்றும் இந்த ஒரு விவகாரத்தில் பின்னிக் கிடக்கின்றன. அதனால்தான் புதிதாகப் படிப்பவர்கள் நாட்காட்டியிலிருந்து தொடங்கலாம் என்று சொல்கிறோம்.

சூரியனில் ஒரு பிழை, நிலவில் ஒரு பிழை

பழைய நாட்காட்டி ஜூலியஸ் சீசர் கி.மு. 45இல் நடைமுறைப்படுத்தியது. ஆண்டுக்கு 365 நாள், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை லீப் ஆண்டு. சராசரி பார்த்தால் 365 நாள் 6 மணி நேரம். பருவங்கள் திரும்பி வர உண்மையில் ஆகும் காலம் 365 நாள் 5 மணி 48 நிமிடம் 45 விநாடி. ஆண்டுக்கு 11 நிமிடம் கூடுதல். ஒரு மனிதரின் வாழ்நாளில் இது தெரியவே தெரியாது. ஆனால் 128 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் சேர்ந்துகொண்டே போகும்.

கிறிஸ்தவத் திருச்சபைக்கு இது ஏன் தலைவலியானது? ஈஸ்டர் பண்டிகையால். கிறிஸ்துமஸ் போல ஈஸ்டருக்கு நிலையான தேதி கிடையாது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியைப் பிடித்து, அதற்கு அடுத்து வரும் ஞாயிறுதான் ஈஸ்டர். மார்ச் 21 ஏன்? பகலும் இரவும் சமமாகும் சம இரவு நாள் அன்றுதான் வருகிறது என்பது நான்காம் நூற்றாண்டின் கணக்கு. கி.பி. 325இல் நிசேயா நகரில் கூடிய பொதுச்சங்கம் எல்லோரும் ஒரே நாளில் ஈஸ்டர் கொண்டாட வேண்டும் என்று முடிவெடுத்த காலத்தில் அது ஏறத்தாழச் சரி. 1582க்குள் 1,257 ஆண்டுகள் ஓடி, சம இரவு நாள் மார்ச் 11 வாக்கில் வந்து நின்றது. நாட்காட்டி மட்டும் மார்ச் 21ஐயே பிடித்துக்கொண்டிருந்தது.

அடுத்தது நிலவு. பௌர்ணமியை வானத்தைப் பார்த்துத் தீர்மானிக்காமல், 19 ஆண்டுச் சுழற்சி ஒன்றை வைத்துக் கணித்தார்கள். 19 ஆண்டில் 235 முறை நிலவு வளர்ந்து தேய்கிறது, பிறகு பௌர்ணமிகள் பழைய தேதிகளுக்கே திரும்பிவிடும் என்பது அதன் அடிப்படை. மிக நல்ல கணக்குதான். ஆனால் ஒரு சுழற்சிக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் பிசகும். சுமார் 308 ஆண்டில் ஒரு நாளாகும். பதினாறாம் நூற்றாண்டில் அட்டவணையில் பௌர்ணமி என்று போட்டிருக்கும் நாளுக்கு நான்கு நாள் முன்பே வானத்தில் பௌர்ணமி முடிந்திருந்தது. இதைக் காண வானியல் படிக்க வேண்டியதில்லை, இரவில் தலையைத் தூக்கிப் பார்த்தாலே போதும். எனவேதான் சம இரவுப் பிழையைவிட நிலவுப் பிழை திருச்சபைக்குப் பெரிய சங்கடம்.

ஈஸ்டர் தவறினால் அதற்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான தவக்காலமும், பிந்தைய விண்ணேற்பு விழாவும், பெந்தெகொஸ்தேயும் சேர்ந்து தவறும். அந்தக் காலத்தில் சந்தை கூடும் நாள், குத்தகை கட்டும் நாள், நீதிமன்றம் திறக்கும் நாள் எல்லாம் இந்தத் திருநாட்களை ஒட்டியே வைக்கப்பட்டிருந்தன. ஊரின் ஆண்டே ஈஸ்டரில் கட்டப்பட்டிருந்தது.

தெரிந்தும் ஏன் திருத்தவில்லை

ரோஜர் பேக்கன் என்ற ஆங்கிலத் துறவி 1267இலேயே அன்றைய போப் நான்காம் கிளமெண்டுக்கு இந்தப் பிழையை எழுதி அனுப்பினார். போப் மறு ஆண்டே இறந்துபோனார், விஷயம் அப்படியே நின்றது. 1512 முதல் 1517 வரை நடந்த ஐந்தாம் லாத்தரன் பொதுச்சங்கம் இதைக் கையில் எடுத்து அறிஞர்களிடம் கருத்துக் கேட்டது. கேட்கப்பட்டவர்களில் போலந்தின் கோப்பர்நிக்கஸும் ஒருவர். ஆண்டின் நீளமும் மாதத்தின் நீளமும் இன்னும் துல்லியமாக அளக்கப்படவில்லை, அதனால்தான் அப்போது முடிவு கிட்டவில்லை என்று அவரே பின்னர் 1543இல் வெளியான தன் பெரு நூலின் முன்னுரையில் எழுதினார். அந்த நூலைப் போப் மூன்றாம் பவுலுக்குத்தான் காணிக்கையாக்கினார்.

லாத்தரன் சங்கம் முடிந்த அதே 1517இல், அக்டோபர் 31 அன்று, ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரில் மார்ட்டின் லூத்தர் தன் 95 கூற்றுகளை வெளியிட்டார்; புராட்டஸ்டன்ட் பிளவு அங்கிருந்துதான் தொடங்கியது. அதற்குப் பிறகு ‘திருச்சபை’ என்றால் எல்லோருக்கும் பொதுவான ஒன்று என்ற நிலை போய்விட்டது. ஐந்து ஆண்டு முன்னால் நாட்காட்டி திருந்தியிருந்தால் ஐரோப்பா முழுவதும் ஏற்றிருக்கும் என்றே நினைக்கிறோம். அந்த வாய்ப்பு நழுவிப் போனது.

லூத்தருக்குப் பதிலடியாகக் கத்தோலிக்கத் தரப்பு கூட்டிய திரெந்து பொதுச்சங்கம் (1545–1563) கடைசியில் வழிபாட்டு நூல்களைத் திருத்தும் பொறுப்பைப் போப்பிடம் விட்டது. வழிபாட்டு நூலின் முதல் பகுதியே நாட்காட்டிதான். அப்படித்தான் வேலை போப் பதின்மூன்றாம் கிரிகோரியின் மேசைக்கு வந்தது.

லிலியோவின் திட்டம்

தீர்வைத் தந்தவர் வானியல் பேராசிரியரோ கர்தினாலோ அல்ல. தென் இத்தாலியின் கலாபிரியாவைச் சேர்ந்த லூயிஜி லிலியோ என்ற மருத்துவர். 1576இல் அவர் இறந்துவிட, கையெழுத்துப் படியைச் சகோதரர் அந்தோனியோ ரோமில் ஒப்படைத்தார். கர்தினால் சிர்லேத்தோ தலைமையிலான குழு அதை ஆராய்ந்தது. குழுவின் கணித மூளை, இயேசு சபையைச் சேர்ந்த ஜெர்மானியரான கிறிஸ்டோபர் கிளாவியஸ். சுருக்கமான வடிவம் ஒன்றை அச்சிட்டு மன்னர்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்டார்கள்.

திட்டத்தில் மூன்று வேலைகள்.

முதலாவது, சேர்ந்துபோன பிழையை ஒரே வெட்டில் நீக்குவது: பத்து நாளைக் கழித்தால் சம இரவு நாள் மார்ச் 21க்குத் திரும்பிவிடும். சீசர் காலத்திலிருந்து கணக்கிட்டால் கூடுதலாக வெட்ட வேண்டும், ஆனால் அவர்கள் நிசேயா காலத்துக்குத்தான் திரும்ப விரும்பினார்கள். அந்தத் தேர்விலேயே வானியலைவிடத் திருச்சபை மரபு மேலோங்குவது தெரியும்.

இரண்டாவது, பிழை மீண்டும் சேராமல் தடுப்பது. நூற்றாண்டு ஆண்டுகளில் 400ஆல் வகுபடுபவை மட்டுமே லீப் ஆண்டு. 1600 லீப்; 1700, 1800, 1900 அல்ல; 2000 லீப். 400 ஆண்டில் 100 லீப்புக்குப் பதில் 97. சராசரி 365 நாள் 5 மணி 49 நிமிடம் 12 விநாடி. உண்மை ஆண்டுக்கும் இதற்கும் வித்தியாசம் வெறும் 27 விநாடி. இதில் இன்னொரு அழகும் இருக்கிறது: 400 ஆண்டுக்கு 146,097 நாள்; அது 7ஆல் மீதியின்றி வகுபடும். ஆகவே 400 ஆண்டுக்கு ஒருமுறை தேதியும் கிழமையும் அச்சுப் பிசகாமல் திரும்பி வரும்.

மூன்றாவதுதான் கடினமானது, லிலியோவின் உண்மையான சாதனையும் அதுவே. நிலவுக் கணக்கு. ஜனவரி 1 அன்று நிலவுக்கு எத்தனை நாள் வயது என்ற ஓர் எண்ணை ஒவ்வோர் ஆண்டுக்கும் அவர் வைத்தார். பன்னிரண்டு நிலவு மாதங்களுக்கு 354 நாள். சூரிய ஆண்டைவிட 11 நாள் குறைவு. எனவே அந்த எண் ஆண்டுக்கு 11 கூடும், 30ஐத் தாண்டினால் 30ஐக் கழிக்க வேண்டும். இதுவரை பழைய முறைதான். லிலியோ இதில் இரண்டு திருகாணிகளைச் சேர்த்தார். நூற்றாண்டில் ஒரு லீப் நாள் விடுபடும்போதெல்லாம் எண்ணில் ஒன்றைக் குறைக்க வேண்டும். 19 ஆண்டுச் சுழற்சியின் சொந்தப் பிசகைச் சரிக்கட்ட 2,500 ஆண்டில் 8 முறை ஒன்றைக் கூட்ட வேண்டும். சூரியனைத் திருத்தும்போது நிலவு கலையாது, நிலவைத் திருத்தும்போது சூரியன் கலையாது. லீப் ஆண்டு விதியைச் சொல்லிவிட்டுக் கிரிகோரியன் நாட்காட்டியை விளக்கிவிட்டதாக நினைப்பவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

அக்டோபர் 4க்கு அடுத்த நாள் 15

போப்பின் ஆணை 1582 பிப்ரவரி 24 தேதியிட்டது. வியாழக்கிழமை அக்டோபர் 4. மறுநாள் வெள்ளிக்கிழமை அக்டோபர் 15. கிழமை வரிசையில் கை வைக்கவில்லை. அக்டோபரைத் தேர்ந்தது, அந்த நாட்களில் பெரிய திருவிழாக்கள் குறைவு என்பதால். ஸ்பெயினின் புனித அவிலா தெரசா அந்த அக்டோபர் 4 இரவில்தான் இறந்தார். இன்றும் அவர் திருநாள் அக்டோபர் 15.

ஆணையில் நடைமுறைக் கவனமும் உண்டு. மாதாந்தர, வருடாந்தரத் தவணைகளில் தகராறு வந்தால் நீதிபதிகள் பத்து நாளைக் கூட்டித் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தது. கடன்காரர் பத்து நாள் முன்னதாகக் கட்டும்படி நெருக்கக் கூடாது அல்லவா. இன்னொரு பிரிவு, நாட்காட்டியை அச்சிடும் தனி உரிமையை லிலியோவின் சகோதரருக்குத் தந்தது. அவர் அனுமதியின்றி போப்பின் ஆட்சிப் பகுதியில் அச்சிட்டால் நூறு பொற்காசு அபராதம். குடும்பத்துக்கு நன்றி காட்டும் எண்ணம் நல்லதுதான், விளைவு மோசம். ஐரோப்பா முழுவதற்கும் வேண்டிய படிகளை ஒருவரால் எப்படிக் கொடுக்க முடியும்? சில மாதங்களில் அந்த உரிமையைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து, இத்தாலியின் பெரும்பகுதி சொன்ன நாளில் மாறின. பிரான்ஸ் டிசம்பர் 9க்கு அடுத்து 20 என்று தாண்டியது. ஸ்பெயினை எதிர்த்துப் போரிட்டுக்கொண்டிருந்த ஹாலந்து, சீலாந்து மாகாணங்களும் ஓரிரு மாதங்களில் மாறிவிட்டன. பிரெஞ்சு இளவரசர் ஒருவரைத் தங்கள் தலைவராக ஏற்றிருந்த நேரம் அது. பக்கத்தில் உட்ரெக்ட் மாறவில்லை, 1700 வரை. ஒரே கால்வாயில் படகில் போனால் தேதி மாறும்.

ஆக்ஸ்பர்க், 1584

ஜெர்மனியில் என்ன நடந்தது என்பதற்கு 1555இன் ஆக்ஸ்பர்க் உடன்படிக்கையை நினைவில் கொள்ள வேண்டும். ஆளுபவர் எந்த மதமோ அதுவே அந்தப் பகுதியின் மதம் என்பது அதன் சாரம். கத்தோலிக்க ஆட்சியாளர்கள் 1583இல் மாறினார்கள், லூத்தரன் ஆட்சியாளர்கள் மறுத்தார்கள். எல்லை தெளிவாக இருந்த இடத்தில் இது தொல்லையே தவிர ஆபத்தில்லை. ஆக்ஸ்பர்க் போன்ற ஊர்களில் இரு தரப்பும் ஒரே தெருவில் வாழ்ந்தனர். மக்களில் பெரும்பான்மை லூத்தரன்; நகரசபையில் கையோங்கியிருந்தவர்கள் கத்தோலிக்கர்.

நகரசபை புதிய நாட்காட்டியை ஏற்றது. சொன்ன காரணம் மதமல்ல, வியாபாரம்: சுற்றியுள்ள பவேரியா மாறிவிட்டது, சந்தைக்கு மாடும் தானியமும் அங்கிருந்துதான் வருகின்றன. லூத்தரன் குருமார்கள், வழிபாட்டு நாளைத் தீர்மானிக்க நகரசபைக்கோ போப்புக்கோ உரிமையில்லை என்றனர். வழக்கு, ஜெர்மானியப் பகுதிகளை உள்ளடக்கிய புனித ரோமானியப் பேரரசின் உயர் நீதிமன்றம் வரை போய், தீர்ப்பு நகரசபைக்குச் சாதகமாக வந்தது.

அந்த ஆண்டின் ஈஸ்டரைக் கணக்கிட்டுப் பார்த்தால் பதற்றம் புரியும். புதிய அட்டவணையில் பௌர்ணமி மார்ச் 26. அடுத்த ஞாயிறு ஏப்ரல் 1 ஈஸ்டர். அதே மார்ச் 26 பழைய நாட்காட்டியில் மார்ச் 16. அது 21க்கு முந்தியது என்பதால் செல்லாது, அடுத்த பௌர்ணமிக்குக் காத்திருக்க வேண்டும். பழைய அட்டவணை அதைத் தன் ஏப்ரல் 18இல் காட்டியது; புதிய கணக்கில் அது ஏப்ரல் 28, நிலவு உண்மையில் முழுமையடைந்து மூன்று நான்கு நாள் கழித்து. எனவே பழைய ஈஸ்டர், புதிய கணக்கில் ஏப்ரல் 29. பத்து நாள் வித்தியாசம்தானே என்று நினைத்தால், ஈஸ்டருக்குள் சரியாக நான்கு வாரம் இடைவெளி. ஒரு தரப்பு உயிர்ப்பைக் கொண்டாடும்போது எதிர்வீடு நோன்பின் நடுவில் இருக்கும்.

விண்ணேற்பு விழாவும் அதேபோல விலகி நின்றது. பழைய கணக்கின் விண்ணேற்பு விழாவுக்குச் சில நாள் முன்னால், புதிய தேதிப்படி ஜூன் 4 அன்று, எதிர்ப்பின் முகமாக இருந்த மூத்த குரு கியோர்க் முல்லரை நகரசபை வண்டியில் ஏற்றி ஊரைவிட்டு அனுப்ப முயன்றது. கூட்டம் வண்டியை மறித்து அவரை மீட்டது, ஆயுதங்களோடு நகரமன்றத்தின் முன் திரண்டது. வடக்கே ரீகா நகரிலும் அதே ஆண்டு தொடங்கிய நாட்காட்டிக் கலவரம் 1589 வரை இழுத்தது. அங்கும் ஆண்டது கத்தோலிக்கப் போலந்து மன்னர், எதிர்த்தது லூத்தரன் நகரவாசிகள்.

இவர்களை அறிவியல் தெரியாத கூட்டம் என்று ஒதுக்குவது பிழை. அவர்கள் கேட்ட கேள்வி கூர்மையானது: இன்று தேதியை மாற்ற போப்பின் ஆணையை ஏற்றால், நாளை வழிபாட்டை மாற்றச் சொல்லும் ஆணையை எந்த வாதத்தால் மறுப்பது?

வானியலாளர்கள் எந்தப் பக்கம்

கணிதம் தெரிந்தவர்களும் பிளவுபட்டு நின்றார்கள். டூபிங்கன் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் மேஸ்ட்லின் கடுமையாக எதிர்த்தார். கோப்பர்நிக்கஸின் கொள்கையை நன்கறிந்த லூத்தரன் அவர். அவருடைய மாணவர் யோஹன்னஸ் கெப்ளரும் லூத்தரன், ஆனால் திருத்தத்தை ஆதரித்தார். 1613இல் ரேகன்ஸ்பர்க்கில் கூடிய பேரரசு மன்றத்துக்குச் சக்கரவர்த்தி மத்தியாஸுடன் போய், புராட்டஸ்டன்ட் ஆட்சியாளர்கள் இதை ஏற்கலாம் என்று வாதிட்டுப் பார்த்தார். பலிக்கவில்லை. பிரெஞ்சுப் புராட்டஸ்டன்ட் அறிஞர் ஜோசப் ஸ்காலிகர் திருத்தத்தைத் தாக்கி எழுதினார். ஆனால் எல்லா நாட்காட்டிகளையும் ஒப்பிட அவர் வகுத்த தொடர் நாள் எண்ணிக்கை முறைதான் இன்றைய வானியலாளர்கள் பயன்படுத்தும் ஜூலியன் நாள் எண்ணுக்கு அடிப்படை.

நேர்மையான தொழில்நுட்பக் குறையும் ஒன்று சொல்லப்பட்டது. லிலியோவின் முறை சராசரி நிலவைக் கணக்கிடுகிறது, வானத்தில் தெரியும் உண்மை நிலவை அல்ல. இரண்டும் ஒரு நாள் வரை விலகலாம். கிளாவியஸ் இதை மறைக்கவில்லை. எந்த ஊர்க் குருவும் அட்டவணையைப் பார்த்தே ஈஸ்டரைச் சொல்ல முடிய வேண்டும், அதற்குச் சராசரிதான் உதவும் என்பது அவர் நிலை. சரியான தேர்வு என்றே நாங்கள் கருதுகிறோம்.

புதியவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள்: கோப்பர்நிக்கஸின் நூலை 1616இல் தடைப் பட்டியலில் சேர்த்த, 1633இல் கலிலியோவை மண்டியிட வைத்த அதே திருச்சபை எப்படி இவ்வளவு நல்ல வானியல் செய்தது? நாட்காட்டிக்குப் பூமி சுற்றுகிறதா சூரியன் சுற்றுகிறதா என்ற முடிவே தேவையில்லை. சம இரவு நாளுக்கும் சம இரவு நாளுக்கும் எத்தனை நாள் என்று அளந்தால் போதும். திருத்தத்தின்போது பார்க்கப்பட்ட அட்டவணைகளில் கோப்பர்நிக்கஸின் முறையில் ரைன்ஹோல்ட் 1551இல் கணித்தவையும் இருந்தன. கிளாவியஸோ கடைசிவரை பூமி அசையாது என்ற பக்கம். கணிக்க உதவும் முறை என்று ஏற்பது வேறு, உலகம் இப்படித்தான் என்று சொல்வது வேறு. கலிலியோ இரண்டாவதைச் சொன்னார். மோதல் அங்கேதான் வந்தது.

இங்கிலாந்தும் போர்க்காலத் தேதிகளும்

முதலாம் எலிசபெத் ராணியை 1570இலேயே போப் சபை நீக்கம் செய்திருந்தார். ஆனாலும் 1583இல் ஜான் டீ என்ற கணித அறிஞரிடம் அறிக்கை கேட்கப்பட்டது. கிறிஸ்துவின் காலத்துக்குத் திரும்ப 11 நாள் வெட்டுவதே சரி, ஆனால் அண்டை நாடுகளோடு ஒத்துப்போக 10 நாள் போதும் என்றார். அரசவை சம்மதித்தது. ஆயர்கள் மறுத்தனர், கதை முடிந்தது.

முப்பதாண்டுப் போரின் (1618–1648) ஆவணங்களில் தேதிகளைப் பழையது/புதியது என்று பின்னம் போல எழுதியிருப்பதைப் பார்க்கலாம். சுவீடன் மன்னர் குஸ்தாவ் அடால்ஃப் வீழ்ந்த லூட்சன் போர் 1632 நவம்பர் 6/16. சுவீடன் இன்றும் அவர் நினைவை 6ஆம் தேதியில்தான் கொண்டாடுகிறது.

மாறாமல் இருப்பதன் விலை மெல்ல ஏறியது. 1700 நெருங்கியபோது அது இன்னும் ஏற இருந்தது: பழைய நாட்காட்டியில் 1700 லீப் ஆண்டு, புதியதில் இல்லை, இடைவெளி 11 ஆகிவிடும். கெப்ளர் தோற்ற அதே ரேகன்ஸ்பர்க்கில் 1699இல் புராட்டஸ்டன்ட் ஆட்சியாளர்கள் முடிவெடுத்தார்கள். 1700 பிப்ரவரி 18க்கு அடுத்த நாள் மார்ச் 1. டென்மார்க்கும் அதே நாளில் மாறியது. ஆனால் பெயரைக் கவனியுங்கள்: ‘திருத்தப்பட்ட நாட்காட்டி’. போப்பின் பெயர் கிடையாது. ஈஸ்டரையும் லிலியோவின் அட்டவணைப்படி வைக்கவில்லை, கெப்ளர் 1627இல் வெளியிட்ட வானியல் அட்டவணைகளிலிருந்து உண்மைப் பௌர்ணமியைக் கணித்தே வைத்தார்கள். அதனால் 1724இலும் 1744இலும் இரு தரப்புக்கும் மறுபடி வெவ்வேறு ஈஸ்டர். 1724இல் ஒன்று ஏப்ரல் 9, மற்றது 16. பிரஷ்யாவின் இரண்டாம் ஃபிரெட்ரிக் காலத்தில், 1776 முதல்தான் இந்த வித்தியாசம் ஒழிந்தது. நாட்காட்டி விற்கும் தனி உரிமையின் வருமானத்தில்தான் 1700இல் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸின் யோசனைப்படி பெர்லின் அறிவியல் கழகம் உருவானது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாட்களைக் கணக்கிடும் வேலை கோவிலிலிருந்து அரசின் கழகத்துக்கு இடம்பெயர்ந்தது.

சுவீடன் செய்தது, எப்படிச் செய்யக்கூடாது என்பதற்குப் பாடம். 1700 முதல் 1740 வரை லீப் நாட்களை மட்டும் விட்டு, வலிக்காமல் மாறலாம் என்று திட்டமிட்டது. 1700இல் விட்டது. பிறகு பெரும் போர் மூண்டது. 1704இலும் 1708இலும் லீப் நாளை விட மறந்துபோனார்கள். எந்த நாட்டோடும் ஒத்துவராத தேதியோடு பன்னிரண்டு ஆண்டு வாழ்ந்துவிட்டு, 1712இல் பிப்ரவரி 30 என்று ஒரு நாளைச் சேர்த்துப் பழைய நாட்காட்டிக்கே திரும்பினார்கள். 1753இல் ஒரேயடியாக மாறினார்கள்.

பிரிட்டன் 1752இல் மாறியது. புதன் செப்டம்பர் 2க்கு மறுநாள் வியாழன் செப்டம்பர் 14. நாடாளுமன்றச் சட்டம் ஏனைய ஐரோப்பிய நாடுகளின் வழக்கத்தைத்தான் காரணம் காட்டியது, போப்பை அல்ல. புத்தாண்டும் மார்ச் 25இலிருந்து ஜனவரி 1க்கு வந்தது. அதனால் 1751க்கு 282 நாள்தான். “எங்கள் பதினொரு நாளைத் திருப்பிக் கொடு” என்று மக்கள் கலவரம் செய்ததாகப் பல இடங்களில் படிப்பீர்கள். அப்படி ஒரு கலவரத்துக்குச் சான்று கிடையாது. ஹோகார்த் வரைந்த தேர்தல் ஓவியம் ஒன்றில் அந்த வாசகம் எழுதிய பதாகை கிடக்கிறது. வதந்தி அதிலிருந்து வளர்ந்தது.

தேதியைப் படிப்பது எப்படி

இந்தக் காலத்தைப் பற்றிப் படிக்கும்போது எந்தத் தேதியைக் கண்டாலும் முதலில் கேட்க வேண்டியது: எழுதியது யார், எந்த ஊரில்? தெரிந்தால் மாற்றுவது சுலபம். ஆண்டின் முதல் இரண்டு இலக்கத்தை எடுங்கள். அதை 4ஆல் வகுத்து வரும் முழு எண்ணைக் கழியுங்கள், பிறகு 2ஐக் கழியுங்கள். 1642க்கு: 16 − 4 − 2 = 10. 1746க்கு: 17 − 4 − 2 = 11. அத்தனை நாளைப் பழைய தேதியோடு கூட்டினால் புதிய தேதி. நூற்றாண்டு ஆண்டில் மட்டும் கவனம் வேண்டும். எண் மாறுவது ஜனவரியில் அல்ல, பிப்ரவரி இறுதியில். கிழமை தெரிந்தால் சரிபார்த்துக்கொள்ளலாம், கிழமை இரு நாட்காட்டியிலும் ஒன்றே.

அடுத்த பொறி ஆண்டின் தொடக்கம். முதலாம் சார்லஸ் மன்னரின் தலை வெட்டப்பட்டதை இங்கிலாந்தின் ஆவணங்கள் 1648 ஜனவரி 30 என்கின்றன, நம் புத்தகங்கள் 1649 என்கின்றன. இரண்டும் ஒரே நாள். அவர்களுக்கு 1649 பிறக்க மார்ச் 25 வர வேண்டும். ஸ்காட்லாந்திலோ 1600 முதலே ஜனவரி 1தான் புத்தாண்டு, நாட்காட்டி மட்டும் பழையது. மூன்றாவது பிழை, இருமுறை மாற்றுவது. நூலாசிரியர் ஏற்கெனவே மாற்றிவிட்ட தேதியில் இன்னொரு பத்தைக் கூட்டிவிடுவார்கள். முன்னுரையைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். 1582க்கு முந்தைய தேதிகளை மாற்றவே வேண்டாம். லூத்தரின் அக்டோபர் 31 பழைய நாட்காட்டித் தேதியாகவே எங்கும் வழங்குகிறது.

தமிழகத்தின் பழைய ஆவணங்களிலும் இதே கவனம் வேண்டும். டென்மார்க் 1700இல் மாறியது, பிரான்ஸ் அதற்கு வெகு முன்பே. மதபோதகர் சீகன்பால்க் டென்மார்க்கின் வசமிருந்த தரங்கம்பாடியில் வந்திறங்கிய 1706 ஜூலை 9, சென்னைக் கோட்டையின் ஆங்கிலேயருக்கு ஜூன் 28. 1746இல் பிரெஞ்சுப் படை அந்தக் கோட்டையைப் பிடித்தபோது புதுச்சேரியில் செப்டம்பர் 21 என்று எழுதப்பட்ட நாள் ஆங்கில ஏட்டில் செப்டம்பர் 10. பிரிட்டன் சட்டம் அதன் ஆசியப் பகுதிகளையும் சேர்த்தே சொன்னது. 1752 செப்டம்பர் 14 முதல்தான் சோழமண்டலக் கடற்கரையின் இந்த மூன்று கோட்டைகளிலும் ஒரே தேதி.